பெயர் வெளியிட விரும்பாதவர்

யாஸ்னா பெஷிச்சுக்கு இருபது வருஷமாக ஒரே கேள்விதான். பத்திரிகைகளை யாரும் தடை செய்யவில்லை. தணிக்கை அதிகாரி என்று ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. அப்புறம் ஏன் அவை வாயைத் திறப்பதில்லை? இந்தக் கேள்வியை வைத்தே அவள் முனைவர் பட்டம் வாங்கினாள், உதவிப் பேராசிரியர் ஆனாள், இணைப் பேராசிரியர் ஆனாள். அவள் எழுதிய கட்டுரைகளை, அவளையும் பிழை திருத்தியவரையும் தவிர மூன்றாவது மனிதர் படித்ததற்குச் சாட்சி கிடையாது. நம் தெற்கு செர்பியாவில் ஊடக ஆய்வு அப்படிப்பட்ட தொழில். செத்தவன் கையைப் பிடித்து நாடி பார்த்து, எப்படிச் செத்தான் என்று அடிக்குறிப்போடு எழுதிவைப்பது.

அப்புறம்தான் பூரெக் கட்டுரை வந்தது. வினையும் அதோடு வந்தது.

ஊரில் மிச்சமிருக்கும் ஒரே தினசரி 'தெற்குத் தூதன்'. அதன் ஆசிரியர் ராஷா, யாருடைய செய்தியையும் 'போடாதே' என்று சொன்னதே கிடையாது. மேயர் அலுவலகத்திலிருந்தோ, முழுப்பக்க விளம்பரம் தரும் சிமெண்ட் முதலாளியிடமிருந்தோ தொலைபேசி வந்தால், பேசி முடித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு தானே எதிர்ச்சாரியிலிருக்கும் ரொட்டிக்கடைக்குப் போவார். வரும்போது கையில் பூரெக் இருக்கும். எண்ணெய் ஊறிய காகிதத்தில், இறைச்சி வைத்துச் சுட்ட மாவுப் பலகாரம், சூடாக, அடுக்கடுக்காக. கூடவே குடிக்கத் தயிர். அதை நிருபர்களில் ஒருவருடைய மேசையில் வைத்து, 'சாப்பிடுங்க பிள்ளைங்களா' என்பார். யார் மேசையில் வைத்தாரோ அவருடைய செய்தி அன்றைக்குக் காலி. அந்த ஆள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் பணியவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

யாஸ்னாவுக்கு இதைச் சொன்னவன் நெபோய்ஷா. தூதனில் முப்பது வருஷமாக நிருபர். அதற்கு முன்னால் ஊர் வானொலியில் காலைச் செய்தி வாசித்தவன். அவன் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊர் பல் விளக்கியது என்று சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாஸ்னாவின் மகளைத் திருமுழுக்கின்போது கையில் ஏந்தி நின்ற கூம் அவன். கூம் என்றால் இங்கே கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போவார்கள். கூமோடு யாரும் போனதில்லை.

வேண்டியவர்களை நேர்காணல் செய்யக் கூடாது என்பது ஆராய்ச்சியின் அரிச்சுவடி. யாஸ்னா அதை வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள். ஆனால் அவள் தேடிப் போன மற்ற நிருபர்கள் எல்லோரும், 'எங்க பத்திரிகையில முழுச் சுதந்திரம்' என்று ஒப்பித்துவிட்டுக் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். வாயைத் திறந்தவன் கூம் மட்டும்தான். அவளுடைய சமையலறையில், அலைபேசியில் பதிவைப் போட்டுச் சர்க்கரைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினான். தான் தின்ற பூரெக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். மருத்துவமனையின் கெட்டுப்போன ரத்தம், ஆற்றில் கலந்த சாயம், மேயருடைய மருமகனின் கட்டடம் எல்லாம் அதில் வந்தன.

கட்டுரையில் அவள் அவனை நன்றாகத்தான் மறைத்தாள். 'நாட்டின் வடக்கே ஒரு நகரம். நாற்பதுகளில் உள்ள பெண் நிருபர். பெயர் வெளியிட விரும்பாதவர்.' தெற்கை வடக்காக்கினாள், ஆணைப் பெண்ணாக்கினாள், கிழவனை இளமையாக்கினாள். பூரெக்கை மட்டும் அப்படியே விட்டாள். கேக் என்று மாற்றிப் பார்க்காமல் இல்லை. மாற்றியதும் எழுத்து சப்பென்று ஆகிவிட்டது. இருபது வருஷம் தவம் கிடந்தவளுக்கு ஒரே ஒரு தட்டு கிடைத்திருக்கிறது. அதையும் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஹாலந்தில் ஓர் ஆய்விதழ் அதை வெளியிட்டது. போர்ச்சுகல்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள், பின்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாஸ்னா மூச்சை இழுத்து விட்டாள். முழுப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தாள். நிபுணர் குழு அவளைப் புகழ்ந்து அறிக்கை தந்தது. அறிக்கையை ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது வழக்கம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எந்தப் பொதுமக்களும் அதைப் பார்த்ததில்லை. அந்த மாதம் பார்த்து, பெல்கிரேடில் ஓர் இணைய இதழுக்காரன் கட்டுரையை நம் மொழியில் சுருக்கிப் போட்டான். 'எந்த ஆசிரியர் இந்தப் பூரெக் ஆசிரியர்?' என்று தலைப்பும் கொடுத்தான். வடக்கே எவனுக்கும் புரியவில்லை. இங்கே மத்தியானத்துக்குள் ரொட்டிக்கடைக்காரன்கூடச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ராஷா கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. 'எங்கள் அலுவலகத்தில் யாரும் இந்தப் பேராசிரியரிடம் பேசவில்லை, இப்படி ஒரு வழக்கமும் எங்களிடம் இல்லை, நேர்காணல் முழுவதும் கற்பனை' என்று ஒரு தாள் தட்டச்சு செய்து, ஊழியர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பல்கலைக்கழகத்துக்கு ஆட்சேபமாக அனுப்பிவைத்தார். யாஸ்னா அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது நடுவில் நெபோய்ஷாவின் கையெழுத்து இருந்தது. மகளுடைய திருமுழுக்குச் சான்றிதழில் இருக்கும் அதே கையெழுத்து. வால் நீண்ட அந்த எழுத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவள் மட்டும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாள்?

பல்கலைக்கழக நன்னெறிக் குழுவின் தலைவர் ப்ளாகோயே அவளைக் கூப்பிட்டனுப்பினார். வரலாற்றுப் பேராசிரியர், நல்ல மனிதர், எல்லோருக்கும் நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள குறை.

"இது ஒரு விஷயமே இல்ல யாஸ்னா," என்றார். "பதிவு இருக்கில்ல?"

"இருக்கு."

"கொண்டு வா. நாங்க மூணு பேரு கதவைச் சாத்திட்டுக் கேக்கறோம். ஆள் இருக்கு, பேசியிருக்குன்னு எழுதிடறோம். ராஷா வாயை மூடிக்கிட்டுப் போகட்டும். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்."

"குரல் இருக்கே."

"யாரு குரல்னு எங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

யாஸ்னா அவரையே பார்த்தாள். ப்ளாகோயே ஒவ்வொரு சனிக்கிழமையும் தூதனில் பழைய கோட்டைகளைப் பற்றிப் பத்தி எழுதுகிறவர். ராஷாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகிறவர். அவருக்குத் தெரியாத குரலா?

"வெளியூர்ப் பல்கலைக்கழகத்துலேர்ந்து யாராவது கேட்டுச் சொல்லட்டுமே."

"விதியில இடமில்லையே."

"எழுதி எடுத்துத் தரேன். முழுசா, வரி விடாம."

"எழுத்தை யாரு வேணா எழுதலாம்மா. நீயா எழுதிட்டேங்கறதுதானே அவங்க புகாரே."

"அப்ப விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்குப் பதவியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ப்ளாகோயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்கிக்கோ. புகார் நிக்கும். போலி ஆய்வுன்னு முடிவாச்சுன்னா இப்ப இருக்கற வேலையும் போயிடும். நான் சொல்லணுமா? அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நீதானே."

உண்மைதான். நாலு வருஷத்துக்கு முன்னால், மாணவர்களின் ஆய்வேட்டுத் திருட்டுகளைப் பார்த்துக் கொதித்துப்போய், ராத்தூக்கம் கெட்டு அவள் எழுதிய விதி. சந்து பொந்து ஒன்றுகூட இல்லாமல் அடைத்து எழுதியிருந்தாள். அவ்வளவு ஒழுங்காக அவள் வேறு எதையும் எழுதியதில்லை.

குழு கூடுவதற்கு முந்தின வாரம் புனித நிக்கோலா நாள் வந்தது. நெபோய்ஷா வீட்டு ஸ்லாவா. அந்தக் குடும்பத்தின் புனிதருக்கு உரிய நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வர வேண்டியவர்கள் வருவார்கள். கூம் குடும்பமும் அந்த வீட்டுப் பெண்ணான கூமாவும் வராமல் இருக்கவே முடியாது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யாஸ்னா யோசித்தாள். சொன்னால், 'கூமா ஏன் வரல?' என்று ஊர் கேட்கும். கேட்ட வாயே விடையையும் கண்டுபிடித்துவிடும். போகாமல் இருந்தாலே அவனைக் காட்டிக்கொடுத்தது போலத்தான். ஒயினும் காபிப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு, எதுவும் நடக்காத முகத்தை மாட்டிக்கொண்டு அவள் போனாள்.

வாசலில் ஸ்டனா கட்டிப் பிடித்து மூன்று முறை முத்தமிட்டாள். நெபோய்ஷாவின் மனைவி, சத்தமாகப் பேசுகிறவள். அன்றைக்குச் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. யாஸ்னா சிலுவை போட்டுக்கொண்டு இனிப்புக் கோதுமை ஒரு கரண்டி எடுத்தாள். நோன்பு நாள் என்பதால் மேசையில் கெண்டை மீன், வெங்காயம் போட்டுச் சுட்ட பீன்ஸ், வால்நட் பலகாரம். தூதன்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அவளைக் கண்டதும் எல்லோருக்கும் மீன் முள் எடுக்கும் வேலை திடீரென்று முக்கியமாகிப்போனது.

ராஷா கடைசியாக வந்தார். ராக்கியா சாராயப் புட்டியை நெபோய்ஷாவிடம் கொடுத்தார், ஸ்டனாவை முத்தமிட்டார், மெழுகுவர்த்தி முன் தலை குனிந்தார். எல்லாம் முறையாக. அப்புறம் கோட்டுக்குள்ளிருந்து எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். தூதன்காரர்கள் முள் எடுப்பதை விட்டு நிமிர்ந்தார்கள்.

"காளான் வெச்சது," என்றார். "நோன்பு கெடாது. பயப்படாதீங்க."

மேசையைச் சுற்றி நடந்து வந்து அதை யாஸ்னாவின் தட்டுக்கு முன்னால் வைத்தார்.

"ப்ரொஃபசரம்மா, நீங்க இதுல பெரிய ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களாமே. வெளிநாட்டுக்காரங்கல்லாம் படிக்கறாங்களாம். நம்ம கடையிது எப்படின்னு சாப்பிட்டுச் சொல்லுங்க."

சிரிப்பு கிளம்பியது. முதலில் தூதன்காரர்கள், அப்புறம் மற்றவர்கள். நெபோய்ஷாவும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

"இதைத் தின்னா செய்தி செத்துப்போகுமாம்ல," ராஷா உட்கார்ந்துகொண்டே சொன்னார். "நெபோய்ஷா, நம்ம ஆபீஸ்ல நீதான் மூத்தவன். அப்படி ஏதாவது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"தின்னது ஞாபகம் இருக்கு," என்றான் நெபோய்ஷா.

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. ராஷாவும் சிரித்தார். ஆனால் அவருடைய கண் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. யாஸ்னா அதைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த மனிதருக்கு யார் என்று தெரியாது. ஆட்சேபம், கையெழுத்து, நன்னெறிக் குழு, எல்லாமே அதைத் தெரிந்துகொள்ளத்தான். அவளுடைய பதவி போனால் என்ன, இருந்தால் என்ன, அவருக்குக் கவலையே இல்லை. பேசியது யார் என்பதுதான் அவருக்கு வேண்டும். அதை அவளே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கப்போகிறாள்.

"யாருன்னு நான் தேடவே இல்ல," என்றார் ராஷா, அவள் நினைத்ததைக் கேட்டவர் போல. "எதுக்குத் தேடணும்? ப்ரொஃபசரம்மாவே கமிட்டியில காட்டிடப்போறாங்க. அதுவரைக்கும் பூரெக் ஆறிடக் கூடாது. சாப்பிடுங்க."

எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். ஸ்டனா பின்னால் வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"சாப்பிடு கூமா," என்றாள் மெதுவாக.

யாஸ்னா ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. கடைக்காரன் காளானுக்கு மிளகு தூக்கலாகப் போட்டிருந்தான். முறுகல் சரியான பதம். அவமானத்தில் காது எரிந்துகொண்டிருந்தபோதும் நாக்கு தன் பாட்டுக்கு ருசித்தது. இருபது வருஷம் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறிப்பெடுத்த மேசையில் இப்போது அவளுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

பால்கனியில் நெபோய்ஷா புகைத்துக்கொண்டிருந்தான். அவள் போய் அருகில் நின்றாள். கீழே யாரோ கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றான்.

"பாத்தேன்."

"பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. பையன் வேற நகராட்சித் தண்ணி ஆபீஸ்ல இருக்கான். இந்த ஊர்ல வேற பத்திரிகை எங்க இருக்கு, இந்த வயசுல எவன் என்னைச் சேத்துப்பான்?"

"நான் ஒண்ணும் கேக்கலியே, கூமே."

"கேக்கல. அதான் சொல்றேன்." புகையை வெளியே ஊதினான். "நீ என்ன செய்யணும்னு நான் சொல்லமாட்டேன். பதிவைக் கொடுத்தாலும் நீ எனக்குக் கூமாதான்."

"வாயைத் திறந்து சொல்லித் தொலையேன். கொடுக்காதேன்னு சொல்லு. கொடுன்னாவது சொல்லு."

"எப்படிச் சொல்றது? கொடுக்காதேன்னா உன் வேலை போகும். கொடுன்னா என் வேலை."

"இதைத்தான்டா அவரும் செய்யறாரு," என்றாள் யாஸ்னா. கோபத்தில் குரல் உடைந்தது. "யாரும் எதுவும் சொல்றதில்ல. தட்டை மட்டும் முன்னால வெச்சிட்டு நிக்கறீங்க."

அவன் சாம்பலைத் தட்டினான். அப்புறம், "பேரை மாத்தினே, ஊரை மாத்தினே, என்னைப் பொம்பளையாக்கினே. இந்த ஒண்ணை மாத்த உனக்குக் கை வரலியா?"

"வரல."

"தெரியும்." சிகரெட்டைப் பூந்தொட்டி மண்ணில் அணைத்தான். "நல்ல செய்தின்னா எனக்கும் அப்படித்தான். மாத்த வராது. என்ன, எனக்கு மாத்தறதுக்கு முன்னாலயே சாப்பாடு வந்துடும்."

உள்ளேயிருந்து ராஷா யாரையோ பாட்டுப் பாடச் சொல்லும் சத்தம் கேட்டது. இருவரும் சேர்ந்து போனால் தப்பாகத் தெரியும் என்று அவன் முதலில் போனான்.

குழு கூடிய அறையில் குளிருக்கான ரேடியேட்டர் அனல் கக்கிக்கொண்டிருந்தது, ஜன்னல் திறக்கவில்லை. ப்ளாகோயேயின் முன்னால் ஒரு சின்ன ஒலிபெருக்கி தயாராக இருந்தது. யாரிடமோ இரவல் வாங்கி வந்திருக்கிறார். யாஸ்னா வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தாள். பதிவு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பாதிப் பழி போகும், பாதி வேலை மிஞ்சும். ஆனால் பதிவு தொலைந்தது என்றால் பேசிய ஆள் இருக்கிறான் என்று பொருள். ஆள் இருக்கிறான் என்றால் ராஷா தேடுவார். நிதானமாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு மேசையாக. ஆள் இல்லை என்றால்தான் தேட ஒன்றும் இருக்காது.

"கொண்டு வந்தியா?" என்றார் ப்ளாகோயே.

"பதிவு இல்ல."

"அழிஞ்சுபோச்சா?"

"பண்ணவே இல்ல."

மற்ற இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்ப அந்தம்மா? அந்த நிருபர்?"

"அப்படி யாரும் இல்ல. நானே எழுதினேன்."

ப்ளாகோயே பேனாவை வைத்துவிட்டார். அவர் முகத்தில் தெரிந்தது வருத்தம் இல்லை, ஏமாற்றம். "யோசிச்சுத்தான் சொல்றியா யாஸ்னா? இதை நான் எழுதிட்டா அழிக்க முடியாது. கட்டுரையைத் திரும்ப எடுத்துடுவாங்க. இதுவரைக்கும் எழுதினது எல்லாத்தையும் தோண்டுவாங்க. நீ வழிகாட்டின பிள்ளைங்களோட ஆய்வேடு உட்பட."

பிள்ளைகளை அவள் யோசித்திருக்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அலைபேசியை எடுத்து அந்தக் குரலை அறை அதிரப் போட்டுவிடலாமா என்று மறுகணம். அலைபேசி கைப்பையில்தான் இருந்தது. கைப்பையை மடியில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க," என்றாள்.

மறுநாள் காலையில் தொலைபேசி வந்தபோது அவள் அறையில் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். தூதன் அலுவலக எண். பின்னால் தட்டச்சு ஓசையும் பேச்சும் கேட்டன.

"பேராசிரியர் பெஷிச்சுங்களா? 'தெற்குத் தூதன்'லேர்ந்து பேசறேன்."

நெபோய்ஷா. கல்விச் செய்திகள் அவன் பொறுப்பு. அதனால் கொடுத்தார்களா, பேசும்போது அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று கொடுத்தார்களா, யார் கண்டது? நீங்க என்று பேசினான் என்றால் பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்று பொருள்.

"சொல்லுங்க," என்றாள்.

"நாளைக்கு உங்களைப் பத்திச் செய்தி போடறோம். ரெண்டு தரப்பும் இருக்கணும்னு ஆசிரியர் சொல்றாரு. உங்க தரப்புல ஒரு வரி கொடுத்தீங்கன்னா…"

குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் செய்தி இல்லை. முதலாம் ஆண்டின் முதல் வகுப்பில் அவள் கரும்பலகையில் எழுதும் வாக்கியம். தூதன் அதைக் கடைப்பிடித்து அவள் பார்த்ததே இல்லை. இன்றைக்குக் கடைப்பிடிக்கிறது. கருத்து எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நடுவில் ஒரு சந்தேகம் மிஞ்சும்.

"எழுதிக்கோங்க. 'அந்த நேர்காணல் நடக்கவில்லை. கட்டுரையில் பேசும் நிருபர் என் கற்பனை. அப்படி ஒருவர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. தூதன் ஊழியர்களுக்கு நேர்ந்த சங்கடத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறேன்.'"

எழுத்துகளைத் தட்டும் ஓசை கேட்டது. நடுவில் ஓர் இடத்தில் நின்று, திரும்பத் தொடங்கியது.

"வாசிக்கிறேன், சரியான்னு பாருங்க," என்றான்.

வாசித்தான். ஒருகாலத்தில் ஊரையே எழுப்பிய அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாக, தடுக்காமல் வாசித்தான். அவள் சமையலறையில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொன்ன குரல், அப்படி ஒருவர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்று அவளுக்கே சொல்லிற்று. யாஸ்னா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இருக்குங்களா?"

"'வருத்தம்'னு இருக்கறது போதாது. 'மன்னிப்புக் கேட்கிறேன்'னு போடுங்க."

மறுமுனையில் தட்டும் ஓசை வரவில்லை.

"போடுங்க," என்றாள் மறுபடி.

தட்டும் ஓசை கேட்டது, விட்டுவிட்டு.

"வேற ஏதாவது சேக்கணுமா?" என்றான். குரல் இப்போது செய்தி வாசிக்கும் குரலாக இல்லை.

"வேணாம். அப்படியே போடு."

அவன் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பின்னாலிருந்து ராஷாவின் குரல், "முடிஞ்சுதா?" என்று கேட்டது.

"முடிஞ்சுது," என்றான் நெபோய்ஷா.